நைசா அபேஸ் பண்ணு, மாமு

சாயங்காலம் வேலை முடிந்து விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தால் போன் அடிக்கும். ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிற கருணாகரன்தான். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூவியே பேசிப் பழகிய மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். இவனுக்குப் போன் எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கரில் போடாமலே பெட்டி முழுக்கக் கேட்கும்.

"இன்னா மாமு, இன்னிக்கு இன்னாத்த அபேஸ் பண்ண?"

"ரெண்டு டிரான்ஸ்பார்மர், ஒரு பாய்லர்."

பக்கத்து சீட்டில் இருப்பவர் பையை மடிக்கு இழுத்துக்கொள்வார். நான் விளக்கம் சொல்வதில்லை. வியாசர்பாடிக்காரன் முகத்தைப் பார்த்ததுமே பையை இழுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு காரணமாவது கிடைக்கட்டும்.

எங்கள் தொழிலில் அபேஸ் என்றால் மேலே தூக்கு. ஆரியா என்றால் கீழே இறக்கு. எந்த நாட்டுக் கப்பல்காரன் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போன வார்த்தைகளோ, எனக்குத் தெரியாது. கருணாகரனின் அப்பா மீன் சரியாகப் படாத காலங்களில் ராயபுரம் பக்கம் சரக்கு இறக்கப் போவார். அவர் வாயிலிருந்து இவன் வாய்க்கு வந்தது. ஊரில் அபேஸ் என்றால் திருட்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். பர்ஸை அபேஸ் பண்ணிட்டான் என்றால் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்போம், பாய்லரை அபேஸ் பண்ணு என்றால் லிவரை இழுப்போம். எங்களுக்குள் இதில் குழப்பமே வந்ததில்லை. வெளியாள் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை வந்தது. அதில் கருணாகரன் திருடன் என்ற பேரோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

போன வாரம் கம்பெனியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. கோட்டு போட்ட பையன் ஒருவன் வந்து பலகையில் கட்டம் போட்டு, அதிகாரத் தலைமை, எல்லாரையும் கலந்து பேசும் தலைமை, விதிமுறைத் தலைமை என்று எழுதி, இவற்றில் எது சிறந்தது என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றின் கீழும் கிரேன் ஓட்டியவன் நான். அந்த மூன்றையும் தரையில் நின்று தாங்கியவன் கருணாகரன். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் எங்கள் யார்டு. கப்பலில் வருகிற பெரிய சாமான்கள் இங்கே இறங்கி, பிறகு வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கோ மணலிப் பக்கமோ போகும். நான் மேலே கேபினில் உட்கார்ந்திருப்பேன். கருணாகரன் கீழே மேஸ்திரி. கொக்கி மாட்டுகிற ஆட்களை வேலை வாங்கி, எனக்கு சிக்னல் கொடுப்பது அவன் பொறுப்பு. கேபினிலிருந்து எனக்கு அவன் தலை ஒரு மஞ்சள் பொட்டாகத்தான் தெரியும். அவனை நான் குரலாகத்தான் அறிவேன் என்று சொல்ல வேண்டும். காற்று கடலிலிருந்து அடித்தாலும் சரி, லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டு வரிசையில் நின்றாலும் சரி, அந்தக் குரல் ஏறி வந்துவிடும். "அபேஸ்... அபேஸ்... நிறுத்து! ஆங்... ஆரியா, ஆரியா, பூ மாதிரி ஆரியா!"

நான் வேலைக்குச் சேர்ந்தபோது யார்டுக்குப் பெரியவர் சுடலைராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலையில் கேட்டில் நின்றுகொண்டு வருகிறவனை எல்லாம் ஒரு பாட்டம் திட்டித்தான் உள்ளே விடுவார். "ஏலே, மணி என்ன ஆச்சு? மாமியார் வீட்டுக்கா வாரே?" என்று அவர் கத்துவது திருவொற்றியூர் வரை கேட்கும் என்பார்கள். எதையும் நின்ற இடத்திலேயே முடிவு செய்வார். செய்த முடிவு தப்பென்று தெரிந்தாலும் மாற்ற மாட்டார். ஆனால் யாருடைய பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது, யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும். கருணாகரன் மனைவி மங்கைக்குப் பிரசவ வலி எடுத்தபோது தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு குப்பத்துக்குள் வந்து நின்ற மனுஷன் அவர்.

ஒரு மழை நாளில், வேண்டாம் என்று கருணாகரன் சொல்லியும் கேட்காமல் ஒரு சாமானைத் தூக்கச் சொன்னார். சிலிங்கு, அதாவது சாமானைச் சுற்றிக் கட்டுகிற இரும்புக் கயிறு, வழுக்கிவிட்டது. எல்லாரையும் பிடித்துத் தள்ளிவிட்ட கருணாகரனின் இடது சுண்டுவிரல் பாதி போனது. சுடலைராஜ் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இவன் திரும்பி வந்த அன்று யார்டு முழுமைக்கும் அண்டாவில் மட்டன் பிரியாணி வந்து இறங்கியது.

"துன்னு மாமு," என்றான் கருணாகரன், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "இதான் அவுரு சாரி."

எனக்கு அன்று ஆத்திரம். ஒரு விரலுக்கு ஒரு பிரியாணியா என்று கேட்டேன். இவனோ லெக் பீஸ் தேடிக்கொண்டிருந்தான். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பிரியாணி வாசனையும், மழை விட்ட யார்டில் எல்லாரும் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டதும், சுடலைராஜ் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதும் இன்றைக்கும் நெஞ்சை என்னவோ செய்கிறது. தப்பான ஆள் என்று தெரிந்தும் ஏங்குகிற மாதிரி சில பேர் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அவருக்குப் பிறகு திருமலை வந்தார். சின்ன வயசு, பெரிய படிப்பு. தன்னை சார் என்று கூப்பிடக் கூடாது, திரு என்று கூப்பிட்டால் போதும் என்றார். கருணாகரன் யோசித்துப் பார்த்துவிட்டு "சரி, திரு சார்" என்றான். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று வாட்ஸப்பில் குரூப் ஆரம்பித்தார். யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் கேக். எங்களுக்கு வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அதற்கு அவருக்குப் புண்ணியம். ஆனால் எதைக் கேட்டாலும் "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்பார். யாருக்கு எந்த ஷிப்ட், எந்த சாமான் முதலில் ஏறணும் என்று கேட்டால் குரூப்பில் ஓட்டெடுப்பு. ஒரு தடவை ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து, லாரி ஒரு பகல் முழுக்கச் சும்மா நின்றது. கடைசியில் கருணாகரன்தான் கூவினான். "ஓட்டு போட்டதெல்லாம் போதும். அந்த மஞ்சப் பொட்டி மொதல்ல அபேஸ்!" திரு சார் உடனே கட்டைவிரல் படம் போட்டார்.

அந்தக் காலத்தில் யார்டு உண்மையில் கருணாகரன் கையில் இருந்தது. அவன் தலைமையை அந்தக் கோட்டுப் பையன் எந்தக் கட்டத்தில் போடுவானோ தெரியாது. வாய் மோசம். அவன் திட்டுவதை இங்கே எழுத முடியாது. குப்பத்துப் பையன்களுக்கு லேசான வேலையைக் கொடுத்துவிட்டு, எங்கள் வியாசர்பாடிப் பையன்களை வெயிலில் நிறுத்துவான். இதற்காக அவனோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தான். எந்த சாமானையும் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தச் சொல்வான். ஆட்களை எல்லாம் தூர விரட்டிவிட்டு, தான் மட்டும் அதை ஒரு சுற்று சுற்றி வருவான். கையால் தொட்டுப் பார்ப்பான். விழுந்தால் அவன் மேல்தான் விழும். அதற்குப் பிறகுதான் அடுத்த அபேஸ் வரும். அந்த ஒரு சாண் நேரத்தில் நான் மேலே மூச்சுக்கூட விட மாட்டேன். அவனை எனக்குப் பிடித்துப்போனது அதில்தான்.

பிறகு ரேகா மேடம் வந்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம். கத்தலும் கிடையாது, கேக்கும் கிடையாது. தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டாதவன் கேட்டைத் தாண்ட முடியாது. மழை பெய்தால் கிரேன் நிற்கும். தேய்ந்த சிலிங்குகளை எல்லாம் எங்கள் கண் முன்னாலேயே வெட்டிப்போட்டார்கள். எதையும் தானே கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஷிப்டையும் அவர்களே பிரித்ததில், வெயில் இரண்டு ஊர்ப் பையன்களுக்கும் சமமாகக் கிடைத்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே சொல்லவில்லை. கருணாகரனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மூஞ்சியில சிரிப்பே கெடையாது மாமு. சுடலைராஜ் திட்டுனா வூட்டாண்ட திட்டுற மாதிரி இருக்கும். இது திட்டக்கூட மாட்டேங்குது," என்றான்.

மேடம் வந்த கொஞ்ச நாளில் ஸ்டோரில் இருந்து காப்பர் கேபிள் கட்டு ஒன்று காணாமல் போனது. சத்தமில்லாமல் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஒரு வாக்கி டாக்கியை அப்போதுதான் மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்க வேண்டும்? ஒரு பெரிய காப்பர் கேபிள் டிரம்மை லாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. கருணாகரன் வழக்கம்போல ஆட்களை விரட்டினான்.

"அல்லாரும் தள்ளிப் போங்கடா. ஒருத்தனும் கிட்ட இருக்கக்கூடாது. மாமு, காப்பர் டிரம்ம நைசா அபேஸ் பண்ணு. நைசா, நைசா."

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. டிரம்மைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மறுநாள் காலை மேடம் கருணாகரனைக் கூப்பிட்டு, வாக்கி டாக்கியில் தான் கேட்டதைச் சொல்லி, திருட்டுக்குத் துணை போனதாக அவன்மேல் சந்தேகம் இருக்கிறது, சனிக்கிழமை விசாரணை, பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். என்னையும் விசாரிப்பார்களாம், மாமு என்பது யார் என்று.

ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். மேடம், அபேஸ் என்றால் தூக்குறது என்று சொன்னால் போதும். இவன் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? இத்தினி வருசமா கூவிகினு கீறேன். வெளிய வந்து, இன்னா கூவுறே மேஸ்திரின்னு ஒரு தபா கேட்டுச்சா அந்தம்மா? ரூமுக்குள்ள குந்திகினு கேட்டுட்டு என்னைத் திருடன்னு சொல்லுது. சொல்லட்டும். நான் போறேன்."

"போனா எப்டிப் போவே தெரியுமா? திருட்டுப் பயன்னு பேரு வாங்கிகினு போவே."

அவன் ரிடையர் ஆக அப்போது ஒரு வருஷம்கூட இல்லை. அன்று சாயங்காலம் மங்கை எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை.

"அண்ணா, அது துன்ன மாட்டேங்குது, பேச மாட்டேங்குது," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எம் பொண்ணு நர்மதா மாமியார் வூட்ல தெரிஞ்சா இன்னா ஆவறது? குப்பத்துல எப்டி நடமாடுவோம்? அது கெட்ட வார்த்த பேசும்ணா, அடுத்தவன் சாமான்ல கை வைக்காது. நீ போய் சொல்லேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. மேடம் மேல் பாதி, இவன் மேல் பாதி.

மறுநாள் மேடம் அறைக்குப் போனேன். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"நீங்க அவருக்கு நெருக்கமானவருங்க, பீம்ராவ். அந்த வார்த்தைக்கு எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் ஒண்ணுதான். நீங்க சொல்றதை மட்டும் வெச்சு நான் எப்படிங்க முடிவு பண்றது?"

"என்னை நம்பாதீங்க மேடம். உங்க காதை நம்புங்க. மேல என் கேபினுக்கு வாங்க, அவனுக்குத் தெரிய வேணாம்."

சுடலைராஜாக இருந்திருந்தால் அன்றைக்கே கருணாகரனைத் துரத்தியிருப்பார், இல்லையென்றால் என்னைத் திட்டி அனுப்பியிருப்பார். திரு சார் குரூப்பில் ஓட்டெடுப்பு நடத்தியிருப்பார். இந்தம்மா எழுந்து, தலைக்கவசத்தை எடுத்து, வாரை மாட்டிக்கொண்டு, வாங்க போலாம் என்றார்கள். ஏணியில் பாதிக்கு மேல் அவர்கள் கை கம்பியை இறுக்கிப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. பயம்தான். ஆனாலும் நிற்காமல் ஏறினார்கள்.

கீழே ஒரு பெரிய பம்பு செட் ஏறுவதற்குத் தயாராக இருந்தது. மேடம் எனக்குப் பின்னால் நின்றார்கள். வாக்கி டாக்கியில் கருணாகரன் குரல் வந்தது.

"மேல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலயா? ரோஷத்தில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டான் பாவி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி மேல, கீழ என்று சொல்கிறான். மேடம் என்னைப் பார்த்தார்கள். லிவரைத் தொடவில்லை.

"மேல மாமு."

நான் அசையவில்லை.

"மேலடா! தூங்கிட்டியா?"

"இன்னா சொல்றே? ஒண்ணியும் புரியல," என்றேன்.

"தூக்குடா!"

"புரியல."

அவ்வளவுதான். அவனுக்குக் கோபம் வந்தால் கையில் வாக்கி டாக்கி இருப்பதே மறந்துவிடும். அந்த மஞ்சள் பொட்டு பின்னால் சாய்ந்தது. பழைய குரல், வாக்கி டாக்கி இல்லாத காலத்துக் குரல், யார்டையே அறைந்துகொண்டு மேலே ஏறி வந்தது.

"அபேஸ்டா! அபேஸ்! காது இன்னா அவிஞ்சி பூட்ச்சா? பம்ப அபேஸ் பண்ணுடா கய்தே!"

லிவரை இழுத்தேன். பம்பு தரையை விட்டுக் கிளம்பியது. நிறுத்து என்று கத்தினான், நிறுத்தினேன். நிறுத்தியதில் லேசாக ஆடியது. "ஆரியா! ஆரியா!" என்றான், இறக்கினேன். "ஆங், இப்ப அபேஸ். நைசா. ஒருத்தனும் கிட்ட இருக்கக்கூடாது." மறுபடியும் தூக்கினேன். ஒரு சாண் உயரத்தில் பம்பு ஆடாமல் நின்றது. ஆட்கள் விலகினார்கள். அவன் மட்டும் அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான்.

மேடம் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரையும் விரட்டிட்டு அவர் மட்டும் ஏன் கிட்ட போறாருங்க?"

"தினம் அப்டித்தான் மேடம். சரியா கட்டியிருக்கான்னு பாக்குறான்."

மேடம் கையை நீட்டினார்கள். வாக்கி டாக்கியைக் கொடுத்தேன். அதில் பேசினால் யார்டு முழுக்க, கேட் வாட்ச்மேன் வரைக்கும் கேட்கும். அது அவர்களுக்கும் தெரியும்.

"மேஸ்திரி, நான் ரேகா பேசறேன். கேபின்ல இருந்து. அபேஸ்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்காமயே உங்க மேல திருட்டுப் பழி சொல்லிட்டேன். தப்பு என்னுதுங்க. எல்லாரும் கேக்கறாங்கன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். என்னை மன்னிச்சுக்கங்க."

(காணாமல் போன கட்டு மாத்தூர் சைட்டுக்குப் போன லாரியில் தவறி ஏறியிருந்தது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. மேடம் அதற்காகக் காத்திருக்கவில்லை.)

கருணாகரன் பம்புக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான். விரல் போனதற்குப் பிரியாணி தின்றவன், திருட்டுப் பட்டத்துக்கு வாயைத் திறக்காதவன். இவனிடம் இத்தனை வருஷத்தில் எந்தப் பெரியவரும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என்ன சொல்லப் போகிறானோ என்று எனக்குப் பயம். ஏடாகூடமாக ஏதாவது திட்டிவிட்டால்?

அவன் நடையைத் தொடர்ந்தான். சுற்றை முடித்தான். பாதி விரல் இருக்கிற கையால் பம்பை ஒரு தட்டு தட்டினான். வாக்கி டாக்கியைத் தூக்கினான். ஒரு பெரியவரிடமும் எதற்கும் அனுமதி கேட்காத மனுஷன் கேட்டான்.

"மேடம், அபேஸ் பண்ணட்டா?"

மேடம் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

"பண்ணுங்க மேஸ்திரி. நைசா பண்ணுங்க."

யார்டே ஹோவென்று கத்தியது. லாரிக்காரர்கள் விஷயம் தெரியாமலே ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு கீழே எதுவும் தெரியவில்லை. தூக்குவதற்கு முன் அதைத் துடைக்க வேண்டியிருந்தது.

"அபேஸ், மாமு," என்றான் கருணாகரன். தூக்கினேன்.